உங்களுக்குத் தெரியுமா? உடைந்த கிட்டாரும் எரிந்த பியானோவும்

★ ராக் மேடையில் கிட்டார் உடைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது ஒரு தாழ்வான கூரை. 1964 செப்டம்பரில் லண்டனின் ஹாரோ பகுதியில் இருந்த ரெயில்வே ஹோட்டலில் ‘தி ஹூ’ குழு வாசித்துக்கொண்டிருந்தது. குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் துள்ளலோடு கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்க, அதன் முனை கூரையில் மோதி முறிந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். டவுன்ஷெண்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே செய்ததுபோல மிச்சத்தையும் அடித்து நொறுக்கினார். பிறகு பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்றை எடுத்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல வாசிப்பைத் தொடர்ந்தார். அடுத்த முறை வந்த கூட்டம் அதையே எதிர்பார்த்தது. அன்று அவர் ஆம்ப்ளிஃபயர்களைத் தள்ளிவிட, டிரம்மர் கீத் மூன் தன் டிரம்ஸைச் சிதறடித்தார்.

★ அந்த நொடியில் டவுன்ஷெண்டின் கை தயங்காமல் ஓங்கியதற்கு அவருடைய கல்லூரிப் படிப்பும் ஒரு காரணம். ஈலிங் கலைக்கல்லூரியில் அவர் மாணவராக இருந்தபோது குஸ்தாவ் மெட்ஸ்கர் என்ற கலைஞர் அங்கே வந்து உரையாற்றினார். ‘தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கலை’ என்ற கொள்கையை 1959-இல் அறிக்கையாக வெளியிட்டவர் அவர்தான்.

மெட்ஸ்கர் 1926-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-இல் யூதக் குழந்தைகளைக் காப்பாற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய ஏற்பாட்டில் தப்பி வந்தார். பெற்றோர் நாஜிகளின் படுகொலைக்குப் பலியானார்கள். அணுகுண்டை எதிர்த்துப் போராடிச் சிறைக்கும் போனார். 1961 ஜூலையில் தேம்ஸ் நதியின் தென்கரையில் நைலான் துணியைத் திரைபோலக் கட்டி, முகமூடி அணிந்துகொண்டு அதன்மேல் அமிலத்தைத் தெளித்தார். கரைந்த ஓட்டைகள் வழியே நதிக்கு அப்பால் இருந்த தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. அழிவையே தொழிலாகச் செய்யும் அரசுகளுக்கு முன்னால் அழகான ஓவியம் வரைந்து என்ன பயன் என்பது அவருடைய கேள்வி. கிட்டார் உடைத்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மனிதரை விட்டுவிடுகிறார்கள். அவரை விட்டுவிட்டால் மீதியிருப்பது வெறும் ரகளைதான்.

★ 1966-ஆம் ஆண்டின் கடைசி இரவில் லண்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் தி ஹூ வாசித்தபோது, மேடையில் வண்ண ஒளிகளைப் பாய்ச்சியவர் இதே மெட்ஸ்கர்.

★ உடைப்பதற்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் கழுத்தையும் உடலையும் நான்கு திருகாணிகள்தான் பிடித்திருக்கும். பழுதானால் கழற்றிச் சுலபமாக மாற்றவேண்டும் என்று லியோ ஃபெண்டர் செய்த ஏற்பாடு அது. டவுன்ஷெண்ட் பின்னாளில் அந்த வகைக்கு மாறினார். உடைந்தவற்றைப் பசைபோட்டு ஒட்டித் திரும்பவும் மேடைக்குக் கொண்டுவந்தார். இத்தனைக்குப் பிறகும் கருவிகளுக்காக வாங்கிய கடன் குழுவின் கழுத்தை நெரித்தது.

★ 1967 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்மதர்ஸ் பிரதர்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்த கீத் மூன், தன் பேஸ் டிரம்முக்குள் வெடிமருந்தை அளவுக்கு மீறித் திணித்துவைத்தார். வெடித்த வேகத்தில் டவுன்ஷெண்டின் முடி கருகியது. சிதறிய துண்டு மூனின் கையைக் கிழித்தது. டவுன்ஷெண்டின் செவித்திறன் குறைந்துபோன கதையில் இந்த வெடிச்சத்தத்துக்கும் பங்கு சொல்லப்படுகிறது. வாத்தியத்தோடு வாசிப்பவனின் காதும் சேர்ந்து போவது என்ன கலை?

★ டவுன்ஷெண்டுக்கு 8 ஆண்டுகள் முன்பே ஒருவர் கிட்டாரை உடைத்துவிட்டார். 1956-இல் அமெரிக்காவின் ‘லாரன்ஸ் வெல்க்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லியைக் கேலிசெய்து பாடிய ராக்கி ராக்வெல், பாட்டின் முடிவில் அதைச் செய்தார். அது ராக் இசைக்கு எதிரான நையாண்டி.

★ பியானோவின் இரும்புச் சட்டத்தில் 220-க்கும் மேற்பட்ட கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்து சட்டத்தின்மேல் கொடுக்கும் இழுவிசை சுமார் 18 டன். அதனால்தான் பியானோவை உடைப்பது ஆபத்தான வேலை. அறுந்து தெறிக்கும் கம்பி ஆளைக் கிழித்துவிடும்.

★ 1962 செப்டம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகர அருங்காட்சியக அரங்கில் ‘ஃப்ளக்ஸஸ்’ கலைஞர்கள் ஒரு கிராண்ட் பியானோவின்மேல் பல நிகழ்ச்சிகளில் சுத்தியல், ரம்பம், கடப்பாரைகளோடு வேலைசெய்து, கடைசியில் அதைத் துண்டு துண்டாக்கினார்கள். ஜெர்மன் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. துண்டுகள் பார்வையாளர்களுக்கு ஏலம் விடப்பட்டன. படைப்பின் பெயர் ‘பியானோ செயல்பாடுகள்’. எழுதியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கார்னர். அவர் அன்று அங்கே இல்லை. அவருடைய குறிப்பில் பியானோவை அழிக்கச் சொல்லும் கட்டளையும் இல்லை. செய்தி கேட்டதும் அவருக்கு அதிர்ச்சி.

அமைப்பாளர் ஜார்ஜ் மசியூனஸ் சொன்ன காரணம் யதார்த்தமானது. அந்தப் பழைய பியானோவின் விலை 5 டாலர்தான். அதை அப்படியே அப்புறப்படுத்தும் கூலி அதைவிட அதிகம். வெட்டித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பியானோக்கள், வானொலியும் இசைத்தட்டும் தொலைக்காட்சியும் வந்தபின் கேட்பாரற்றுப்போன காலம் அது. 1960களின் பியானோ உடைப்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த உபரி இருக்கிறது. பிரிட்டனின் ஊர்த் திருவிழாக்களில் பியானோவை உடைத்து ஒரு சிறிய துவாரம் வழியாக எல்லாத் துண்டுகளையும் தள்ளும் போட்டியே நடந்திருக்கிறது.

★ அதே 1962. ஜூன் மாதம், டுசெல்டார்ஃப் நகர நாடக அரங்கு. சியோலில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் மேடைக்கு வந்து ஒரு வயலினை மேசைமீதிருந்து தூக்க ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரியாத மெதுவான அசைவு. நிமிடங்கள் கடந்து வயலின் தலைக்கு மேல் போய்ச் சேர்ந்ததும், ஒரே வீச்சில் மேசைமேல் அடித்தார். முடிந்தது. ‘தனி வயலினுக்காக ஒன்று’ என்பது அந்தப் படைப்பின் பெயர். வயலின் கச்சேரியில் இவ்வளவு நிசப்தமாக, இவ்வளவு கவனமாக, ஒரே ஒரு ஒலிக்காக யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள். இந்த வகைப் படைப்புகளில் நான் மிக உயர்ந்ததாகக் கருதுவது இதைத்தான். உடைப்பதைவிட, உடைக்கப்போகிறாரே என்ற பதைப்பில்தான் இதன் உயிர் இருக்கிறது.

★ பைக்கின் அதே படைப்பை 1968-இல் நியூயார்க்கில் செல்லோ கலைஞர் சார்லட் மூர்மன் நிகழ்த்தியபோது, பார்வையாளர் ஒருவர் வயலினைக் காப்பாற்றக் குறுக்கே வந்தார். மூர்மன் நிறுத்தவில்லை. அடி அந்த மனிதரின் தலையில் விழுந்தது.

★ 1962 அக்டோபரில் ராபின் பேஜ் என்ற கலைஞர் லண்டனின் சமகாலக் கலை நிறுவன மேடையில் கிட்டாரோடு நின்றார். வாசிக்கவில்லை. அதைக் காலால் உதைத்தார். மேடையிலிருந்து அரங்குக்கு, அரங்கிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து கட்டடத்தைச் சுற்றி உதைத்துக்கொண்டே போனார். பார்வையாளர்கள் பின்னாலேயே போனார்கள்.

★ பிரெஞ்சுக் கலைஞர் அர்மானின் தந்தை பழம்பொருள் வியாபாரி. பொழுதுபோக்காகச் செல்லோவும் வாசிப்பார். மகன் அதே வகைக் கருவிகளை அடித்து நொறுக்கி, சிதறிய துண்டுகளை விழுந்த வாக்கில் பலகையில் ஒட்டினார். ‘கோபங்கள்’ என்பது அந்த வரிசையின் பெயர். 1962-இல் ஒரு பியானோவை உடைத்து உருவாக்கிய ‘ஷோப்பானின் வாட்டர்லூ’ இன்று பாரிஸின் பாம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

★ 1966 செப்டம்பரில் மெட்ஸ்கர் முன்னின்று லண்டனில் ‘கலையில் அழிவு’ என்ற கருத்தரங்கை நடத்தினார். அதற்காக நியூயார்க்கிலிருந்து வந்த கலைஞர் ரஃபேல் மோண்டானியெஸ் ஓர்டிஸ், இஸ்லிங்டனில் ஒரு வீட்டில் கோடாரியால் பியானோவைப் பிளந்தார். எஞ்சிய கூடு டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் சேர்ந்திருக்கிறது. அதே கருத்தரங்கில் அவர் மேடையில் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக் கதறிய இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. அதைப் பற்றி ஒரு நோயாளி சொன்னதைக் கேட்டுத்தான் ஆர்தர் ஜானோவ் என்ற உளவியலாளருக்கு ‘ஆதி அலறல்’ சிகிச்சைக்கான பொறி கிடைத்தது. 1970-இல் ஜான் லெனன் அந்தச் சிகிச்சைக்குப் போனார். கோடாரி தூக்கிய அதே ஓர்டிஸ்தான் 1969-இல் நியூயார்க்கில் போர்ட்டோரிகோ மக்களின் கலைக்காக ‘எல் முசியோ டெல் பாரியோ’ அருங்காட்சியகத்தை நிறுவியவர்.

★ பியானோவை எரிப்பதற்கு எழுதப்பட்ட இசைக்குறிப்பு ஒன்று உண்டு. நியூசிலாந்தில் பிறந்த இசையமைப்பாளர் அன்னியா லாக்வுட் 1968-இல் எழுதியது. ஒரு நடன நிகழ்ச்சிக்காக அவருக்கு நெருப்பின் ஒலி தேவைப்பட்டது. அதைக் கொடுக்கக்கூடிய கருவி எது என்று யோசித்தவருக்குப் பழைய பியானோ நினைவுக்கு வந்தது. கல்நார் சுற்றிய மைக்கை உள்ளே வைத்து, லண்டனின் செல்சி நதிக்கரையில் தீ வைத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் பேச்சு பதிவில் கலந்துவிட்டது. ஆனால் எரியும் பியானோவின் அழகு அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. வார்னிஷ் கொப்பளித்து நிறம் நிறமாக எரிகிறது. கம்பிகள் ஒவ்வொன்றாகச் சூட்டில் அறுந்து, பெட்டி முழுக்க முழங்குகின்றன. முழுதாக எரிந்து முடிய மணிக்கணக்காகும்.

லாக்வுட் வைத்த நிபந்தனைதான் இந்தப் படைப்பின் உயிர்நாடி: பழுதுபார்க்கவே முடியாத நிலைக்குப் போன பியானோவை மட்டுமே எரிக்கவேண்டும். வாசிக்கக்கூடிய கருவியைத் தொடக்கூடாது. அடுத்தடுத்து இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு தோட்டத்து மண்ணில் பியானோக்களைப் பாதி புதைத்துச் செடிகொடிகள் மூட விட்டார். டெக்சாஸின் அமரில்லோவில் ஒரு குளத்தில் இன்னொன்றை இறக்கினார். இவற்றுக்கு அவர் வைத்த பொதுப்பெயர் ‘பியானோ இடமாற்றங்கள்’. செத்த கருவிக்கு ஒரு கடைசிக் கச்சேரி. இதில் வன்முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முறையாகச் செய்யும் ஈமக்கிரியையில் இருக்கும் மரியாதை இதில் இருக்கிறது.

★ எரியும் பியானோவை உட்கார்ந்து வாசித்தவரும் இருக்கிறார். ஜப்பானிய ஜாஸ் கலைஞர் யோசுகே யமாஷிதா 1973-இல் கியோஷி அவாசு எடுத்த குறும்படத்துக்காக முதலில் அதைச் செய்தார். 35 ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், இஷிகாவா மாகாணத்தின் ஷிகா கடற்கரையில் தீயணைப்பு வீரரின் வெள்ளி நிற உடையும் தலைக்கவசமும் அணிந்து மீண்டும் அமர்ந்தார். பியானோ ஊமையாகும் வரை, சுமார் 10 நிமிடம், விரல்கள் ஓயவில்லை.

★ அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 1972 முதல் தங்கள் ‘பேக்கர் ஹவுஸ்’ விடுதி மாடியிலிருந்து பியானோவைத் தள்ளிவிட்டு வருகிறார்கள். அங்கும் பழுதுபார்க்க முடியாத பியானோதான் விதி. ஆறு மாடி உயரத்திலிருந்து விழும் பியானோ தரையில் ஏற்படுத்தும் பள்ளத்தின் கொள்ளளவுக்கு ‘புரூனோ’ என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். யோசனையைச் சொன்ன மாணவரின் பெயர் அது.

★ 1967 ஜூன் 18, கலிஃபோர்னியாவின் மான்டெரி இசை விழா. தி ஹூவும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஒருவருக்குப் பின் இன்னொருவர் வாசிக்க விரும்பவில்லை. காசு சுண்டிப் பார்த்தார்கள். தி ஹூ முதலில் வந்து எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் போனது. அதற்குமேல் என்ன செய்வது? ஹென்ட்ரிக்ஸ் தன் கையால் வண்ணம் தீட்டிய ஸ்ட்ராடோகாஸ்டரைத் தரையில் கிடத்தி, லைட்டர் எண்ணெய் ஊற்றி, மண்டியிட்டுக் கொளுத்தினார். அது ஒரு பலி, பிரியமானதைத்தானே பலி கொடுக்க முடியும் என்ற பொருளில் பின்னர் சொன்னார். அவர் முதன்முதலில் கிட்டாரைக் கொளுத்தியது அங்கே அல்ல. அதே ஆண்டு மார்ச் 31-இல், லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியாவில். அன்று கைகளில் தீக்காயம் பட்டு மருத்துவமனைக்குப் போனார். அந்தக் கருகிய கிட்டார் 2008-இல் 2,80,000 பவுண்டுக்கு ஏலம் போனது.

★ அன்டோனியோனி இயக்கிய ‘ப்ளோ-அப்’ (1966) படத்தில் ஜெஃப் பெக் கிட்டாரை உடைத்துக் கழுத்துப் பகுதியைக் கூட்டத்தில் வீசுகிறார். இயக்குநர் முதலில் விரும்பியது தி ஹூவை. அது கிடைக்காததால் ஜெஃப் பெக் இருந்த ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழு வந்தது. வீசிய துண்டுக்காகக் கூட்டம் அடித்துக்கொள்கிறது. கதாநாயகன் அதைப் பறித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறான். வெளியே வந்ததும் நடைபாதையில் போட்டுவிட்டு நடக்கிறான். இந்த வழக்கத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது எதுவும் இல்லை.

★ ‘தி கிளாஷ்’ குழுவின் ‘லண்டன் காலிங்’ (1979) இசைத்தட்டின் அட்டையில் பாஸ் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிப்பவர் பால் சிமனன். இடம், நியூயார்க்கின் பெலேடியம் அரங்கு. ரசிகர்களை எழுந்து ஆடவிடாமல் காவலர்கள் இருக்கையில் அமர்த்திவைத்தார்கள் என்ற எரிச்சல் அவருக்கு. படம் எடுத்த பென்னி ஸ்மித், அது தெளிவாக இல்லை, அட்டைக்கு வேண்டாம் என்றே சொன்னார். முறிந்த அந்த பாஸ் பிற்பாடு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது.

★ 1992-இல் எம்டிவி விருது விழா மேடையில் ‘நிர்வாணா’வின் கிறிஸ்ட் நோவோசெலிக் பாஸ் கிட்டாரை உயரே எறிந்தார். பிடிக்கத் தவறினார். அது நேராக அவர் தலையில் விழுந்தது.

★ ஒரே சுற்றுப்பயணத்தில் அதிக கிட்டார்களை உடைத்த கின்னஸ் சாதனை ‘மியூஸ்’ குழுவின் மேத்யூ பெல்லமிக்கு: 140, ஆண்டு 2004. எண்ணிக்கை வந்த இடத்தில் கலை வெளியேறிவிடுகிறது. 140-ஆவது கிட்டார் யாருக்கு என்ன சொல்லியிருக்க முடியும்?

★ ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ (2015) படப்பிடிப்பில் கர்ட் ரஸ்ஸல் ஒரு கிட்டாரைப் பிடுங்கித் தூணில் அடித்து நொறுக்கினார். அடிக்க வேண்டியது நகலை. அவர் கையில் இருந்தது மார்ட்டின் நிறுவனத்தின் அருங்காட்சியகம் இரவல் கொடுத்த, 1870களில் செய்யப்பட்ட அசல். எதிரே இருந்த ஜெனிஃபர் ஜேசன் லீக்கு விஷயம் தெரியும். படத்தில் கேட்கும் அவருடைய அலறல் நடிப்பல்ல. இனித் திரைப்படங்களுக்குக் கருவி தருவதில்லை என்று மார்ட்டின் அறிவித்துவிட்டது.

★ 2024 ஏப்ரலில் கோச்செல்லா விழாவில் பஞ்சாபிப் பாடகர் ஏ.பி. தில்லான் கிட்டாரை உடைத்தபோது, கண்டனம் பெரும்பாலும் இந்திய ரசிகர்களிடமிருந்து வந்தது. வாத்தியத்தை அவமதித்துவிட்டார் என்றார்கள். சரஸ்வதி பூஜையன்று வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பொட்டு வைப்பவர்கள், கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அந்த மனவருத்தம் நியாயமானது. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

★ 1998-இல் டெக்சாஸின் ஜாஸ்பர் நகரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை வெள்ளை இனவெறியர்கள் வண்டியின் பின்னால் சங்கிலியால் கட்டி இழுத்துக் கொன்றார்கள். 2000-ஆம் ஆண்டில் கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லே அதே டெக்சாஸ் மண்ணில் ஒரு பிக்அப் வண்டியின் பின்னால் கிட்டாரைக் கட்டி இழுத்தார். வண்டியில் இருந்த ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கப்பட்ட கிட்டார், தார்ச்சாலையிலும் சரளையிலும் புதரிலும் உரசி 14 நிமிடம் ஓலமிடுகிறது. ‘கிட்டார் டிராக்’ என்ற அந்தக் காணொளியைப் பார்ப்பவருக்குக் கிட்டார் மறந்துபோகிறது; மனித உடல்தான் தெரிகிறது. கருவியை அழித்துச் சொன்னால்தான் சொல்ல முடியும் என்ற நிலை உண்டென்றால், அதற்கு இதுதான் சான்று.

★ லண்டன் டவர் பிரிட்ஜைத் தூக்கப் பயன்பட்ட பழைய நீரழுத்த இயந்திரத்தின் கீழ் வைத்து எக்காளம், டியூபா வகைப் பித்தளை வாத்தியங்களைத் தகடாக நசுக்கினார் கலைஞர் கார்னீலியா பார்க்கர். 2001 முதல் அவை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வட்டமாகத் தொங்குகின்றன. பெயர், ‘மூச்சற்று’.

★ மேற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் அருகே ஓர் ஆலிவ் பண்ணையில் பாழடைந்த பியானோக்களுக்கு ஒரு சரணாலயமே இருக்கிறது. வெயிலும் மழையும் கரையானும் அவற்றை மெல்ல மெல்லக் கலைக்கின்றன. இசைக்கலைஞர் ராஸ் போலட்டர் அங்கே போய், மிச்சமிருக்கும் கட்டைகளில் எழும் ஒலிகளை வைத்தே வாசிக்கிறார். யாரும் எதையும் உடைக்கவில்லை.

★ வியன்னாவின் காய்கறி இசைக்குழு 1998 முதல் கேரட், பூசணி, லீக்ஸ் ஆகியவற்றைக் குடைந்து வாத்தியமாக்கி வாசிக்கிறது. கச்சேரி முடிந்ததும் ரசிகர்களுக்கு சூப் கிடைக்கும்.

★ இதுவரை சொன்னவர்களில் பெரும்பாலோர் தங்கள் கையில் இருந்த கருவியை அழித்தவர்கள். பிறர் கருவியைப் பிடுங்கி அழிக்கும் வரலாறு இதைவிட மிகப் பழையது. 1497 பிப்ரவரி 7-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் சவோனரோலா என்ற துறவியின் ஆதரவாளர்கள் ஓவியங்கள், புத்தகங்கள், கண்ணாடிகளோடு லூட் போன்ற இசைக்கருவிகளையும் குவித்துக் கொளுத்தினார்கள். 1644-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் தேவாலயங்களிலிருந்து ஆர்கன்களை அகற்ற உத்தரவிட்டது. 2023 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் தாலிபான் அதிகாரிகள் கிட்டார், ஆர்மோனியம், தபலா எல்லாவற்றையும் அடுக்கித் தீ வைத்தார்கள். இசை ஒழுக்கத்தைக் கெடுக்கிறதாம். லாக்வுட்டின் நெருப்பையும் ஹெராத்தின் நெருப்பையும் ஒரே பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது பெரும் தவறு. அவர் எரித்தது இனி யாரும் வாசிக்க முடியாததை. இவர்கள் எரித்தது யாரோ மறுநாள் வாசிக்க இருந்ததை.

★ 2010-இல் காபூலில் ஆப்கன் தேசிய இசை நிறுவனத்தைத் தொடங்கிய அகமது சர்மஸ்த், 2014-இல் ஒரு நிகழ்ச்சியில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்து கேட்கும் திறனை இழந்தார். சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்து பள்ளியைத் தொடர்ந்தார். 2021-இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்ததும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார். இன்று அந்தப் பள்ளி போர்ச்சுகலில் நடக்கிறது. 2024 ஆகஸ்டில் அதன் இளம் கலைஞர்கள் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ரபாபும் சிதாரும் தபலாவும் வாசித்தார்கள். அவர்களுடைய இசைப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தேடிக் கேளுங்கள், வீட்டில் இசை படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்யுங்கள்.